ரெம்பியாவுக்கு வந்த பூகம்பம்

பொங்கல் கழிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மலாக்காப் பக்கம் ரெம்பியாவுக்கு மேற்கே உள்ள அந்த ரப்பர் தோட்டத்தில் மரங்கள் இலையுதிர்க்க ஆரம்பித்திருந்தன. விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர்கள் சருகை மிதித்து நடக்கிற சத்தம் லயம் வரைக்கும் கேட்கும். இலை உதிர்கிற காலத்தில் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சரியாக இறங்காது. பால் குறைந்தால் கங்காணி அங்கமுத்துவுக்கு வாய் நீளும். மரத்தைத் திட்ட முடியாது என்பதால் வெட்டுகிறவர்களைத் திட்டுவார்.

அந்த வருஷம் அவர் திட்டுவதைக் கேட்கக்கூட லயத்து ஆட்களுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அதற்கு முந்தின வருஷங்கள் அப்படி. முப்பதாம் வருஷம் ரப்பர் விலை விழுந்தபோது தோட்டத்தைப் பாதிக்கு மேல் மூடிவிட்டார்கள். துரை வேலை ஏட்டிலிருந்து ஆட்களின் பேரை வெட்டினார். பேர் வெட்டப்பட்டவர்களைச் சர்க்கார் தன் செலவில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியது. காலியான லயங்களின் பலகையைப் பெயர்த்து மிச்சமிருந்தவர்கள் அடுப்பெரித்தார்கள். இப்போது விலை கொஞ்சம் தலைதூக்கியிருந்தது. மறுபடியும் ஆள் எடுக்கப்போகிறார்களாம், ஊருக்குப் போனவர்கள் எல்லாரும் கப்பல் கப்பலாகத் திரும்பப்போகிறார்களாம் என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. யார் கிளப்பியது என்று தெரியாது. எல்லாரும் நம்பினார்கள்.

அந்தப் பேச்சால் நிம்மதி கெட்டது வேலாயிக்கு மட்டும்தான்.

வேலாயி இரண்டாம் லயத்தில் இருந்தாள். மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டை சீவுவதில் அவள் கை சுத்தமான கை. அதனால்தான் விலை விழுந்தபோது அவள் பேர் தப்பியது. அவள் புருஷன் காளிமுத்துவின் பேர் வெட்டுப்பட்டது. ‘நான் முன்னால போய் ஊர்ல ஒரு வீட்டக் கட்டிட்டுச் சொல்லி அனுப்புறேன், நீ புள்ளைங்களோட வந்து சேரு’ என்று சொல்லிவிட்டு அவன் மற்றவர்களோடு லாரியில் ஏறிப்போனான். மூத்தவள் ராமாத்தாள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். சின்னவன் மணியம் இடுப்பில் இருந்தான்.

காளிமுத்து கப்பல் ஏறவே இல்லை. அது வேலாயிக்கு அடுத்த வருஷம் தெரிந்தது. மாசி மகத்துக்கு மலாக்காவுக்குப் போன தோட்டத்து ஜனம் கடலையும் பார்த்துவிடலாம் என்று தஞ்சோங் கிளிங் வரைக்கும் போனது. அங்கே சாலையோரம் பரண் போட்டு ஒருத்தி மீன் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் குந்தியிருந்து காளிமுத்து மீன் கீறிக்கொண்டிருந்தான். அவன் மடியில் ஒரு கைக்குழந்தை. அவன் தலையைத் தூக்கி வேலாயியைப் பார்த்தான். பார்த்துவிட்டு அடுத்த மீனை எடுத்தான். கூட வந்த பக்கத்து வீட்டுக் கருப்பாயி அந்தச் சமயம் கொஞ்சம் தள்ளிக் கருவாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். அவள் எதையும் பார்க்கவில்லை. வேலாயியும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊருக்குப் போன புருஷனுக்காகக் காத்திருப்பவள் என்றால் லயத்தில் ஒரு மரியாதை உண்டு. கட்டினவன் பதினைந்து மைலில் இன்னொருத்தியோடு மீன் கீறுகிறான் என்றால் அவள் வாழாவெட்டி. அப்புறம் தண்ணீர்க் குழாயடியில் அவளுக்கு முன்னால் ஒரு பேச்சும் அவளுக்குப் பின்னால் ஒரு பேச்சுமாக இருக்கும். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். பிள்ளைகள் கேட்டபோதெல்லாம், ‘அப்பா ஊர்ல வீடு கட்டுறாரு’ என்றாள். ஒரு மழைக்காலத்தில் சுவர் எழும்பியது. அடுத்த தீபாவளிக்குக் கூரை வேய்ந்தாயிற்று. மணியம் நச்சரித்த ஒரு நாளில் வீட்டுக்குப் பின்னால் கிணறு வெட்டி, ஒரு செவலை மாடும் வாங்கிக் கட்டினாள். அப்படி ஒரு வீட்டைக் காளிமுத்துவே கட்டியிருக்க மாட்டான்.

வீடு முடிந்துவிட்டதே, அப்பா ஏன் இன்னும் வரவில்லை என்று இப்போது பிள்ளைகள் கேட்டார்கள். மணியம் தோட்டத்து லாரி வரும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தான்.

*

பள்ளிக்கூட வாத்தியார் தனபாலன் மலாக்கா டவுனைச் சேர்ந்தவர். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது. நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. ஆனால் நல்ல மனிதர்களுக்கு இருக்கிற அவசரம் அவருக்கும் இருந்தது. ரெம்பியா மளிகைக் கடைக்கு வருகிற தமிழ்ப் பத்திரிகையை, கடைக்காரர் அதில் மிளகாய் மடிப்பதற்கு முன்னால் வாங்கி வந்து படித்துவிடுவார். அதில்தான் பீகார் பூகம்பச் செய்தி வந்திருந்தது. பொங்கலுக்கு மறுநாள் பட்டப்பகலில் பூமி ஆடி, முங்கேர், முசாபர்பூர் என்று ஊர் ஊராகச் சரிந்து ஆயிரக்கணக்கில் செத்துப்போனார்கள். படித்துவிட்டு அவருக்குச் சோறு இறங்கவில்லை. நிவாரணத்துக்குப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவரவேண்டும் என்று தீர்மானித்தார். அரிசி கேட்பதற்கு முன்னால் எதற்கென்று சொல்லவேண்டுமே.

“பிள்ளைங்களா, நம்ம இந்தியாவுல வடக்கே ஒரு சீமையில பூமி ஆடிருச்சு.”

“பூமி எப்படி சார் ஆடும்?”

அவர் சொல்லிப் பார்த்தார். பூமிக்குள்ளே நெருப்பு, பாறை என்றெல்லாம் சொன்னார். பிள்ளைகள் கொட்டாவி விட்டன. உடனே பெஞ்சின் மேல் சாக்குக்கட்டித் துண்டுகளை வீடு வீடாக நிறுத்தி, ரப்பர் கொட்டைகளை மனிதர்களாக வைத்தார். “இதுதான் ஊரு. இவங்க எல்லாம் வேலை பாத்துக்கிட்டு இருக்காங்க. இப்ப பாருங்க” என்று பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். வீடுகள் சரிந்தன. கொட்டைகள் துள்ளித் தரையில் உருண்டன. மணியம் கைகொட்டிச் சிரித்தான். ஆயாக்கொட்டகையில் இருக்கவேண்டிய வயது அவனுக்கு. அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான்.

“இன்னொரு தடவ சார்!”

எல்லாரும் கத்தினார்கள். பாடம் இவ்வளவு நன்றாக ஏறியதில் வாத்தியாருக்குச் சந்தோஷம். இன்னொரு தடவையும் குலுக்கினார். பெரிய சாவைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நமக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

ராமாத்தாள் மட்டும் எழுந்து நின்றாள். “சார், எங்கப்பா இந்தியாவுலதான் இருக்காரு.”

“இந்தியா ரொம்பப் பெரிசும்மா” என்று சொல்லிக்கொண்டே அவர் உருண்ட கொட்டைகளைப் பொறுக்கக் குனிந்தார். அதற்குள் பள்ளிக்கூடம் விட்டுவிட்டது.

அன்று பிற்பகல் லயம் முழுக்கப் பூகம்பம். பிள்ளைகள் கூட்டமாக வந்து பலகைச் சுவரைப் பிடித்து ஆட்டிவிட்டு, “பூமி ஆடுது, செத்துப்போங்க!” என்று கத்திக்கொண்டு ஓடின. கருப்பாயியின் ஊறுகாய்ச் சாடி பரணிலிருந்து விழுந்து உடைந்தது. அவள் விளக்குமாற்றோடு துரத்தினாள்.

*

சாயந்திரம் வேலாயி வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். காலையில் வெட்டும் பிற்பகலில் களையெடுப்புமாக இடுப்பு விட்டுப்போயிருந்தது. அடுப்பில் உலை காய்ந்தது. பிள்ளைகள் இரண்டு பக்கமும் வந்து உட்கார்ந்தார்கள்.

“அம்மா, இந்தியாவுல பூமி ஆடிருச்சாம்” என்றாள் ராமாத்தாள். “வீடெல்லாம் வுழுந்துருச்சாம்.”

“கேட்டேன், கேட்டேன். காலையில பெரட்டுல பேர் கூப்பிடறப்பவே பேசிக்கிட்டாங்க. பாவம், யாரு பெத்த புள்ளைங்களோ.”

“அப்பா வீடு வுழுந்துச்சாம்மா?” என்று கேட்டான் மணியம்.

“எந்த வீடு?”

“அப்பா கட்டுன வீடுதாம்மா. கெணறு வெட்டுன வீடு.”

வேலாயி கிழங்கைத் திருப்பி அடுத்த பக்கத்தைக் கீறினாள். விழவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்கும் லாரிக்கு ஓடுவான். மறுநாளும் ஓடுவான். கப்பல் வரும், ஆட்கள் இறங்குவார்கள், அவன் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பான். அதை நினைத்தபோதே அவளுக்குக் கசந்தது.

“வுழுந்துருச்சு” என்றாள்.

“அப்பா உள்ளயா இருந்தாரு?”

“உள்ளதான் இருந்தாரு.”

“அப்ப?”

“அப்ப என்ன? அவரும் போயிட்டாரு. இனிமே லாரிகிட்ட ஓடாத.”

மணியம் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். “மாடு?”

“மாடும் போயிருச்சு.”

அவன் உதடு கோணியது. செவலை மாட்டுக்காக ஓவென்று அழ ஆரம்பித்தான். வேலாயி அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ராமாத்தாள் அழவில்லை. உரித்த கிழங்கை எடுத்துப்போய்க் கழுவி உலையில் போட்டாள். போட்டுவிட்டு அங்கிருந்தே கேட்டாள்.

“இனிமே எந்தக் கப்பல்லயும் வரமாட்டாருல்ல?”

“வரமாட்டாரு.”

அவ்வளவுதான் பேச்சு. ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்ததுபோல வேலாயிக்கு இருந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. யார் வீட்டுச் சாவையோ இரவல் வாங்கித் தன் வீட்டில் வைத்துக்கொண்டோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. வெளியில் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். அதைத்தான் மறந்தாள்.

*

மறுநாள் விடிவதற்குள் கருப்பாயி தண்ணீர்க் குழாயடியில் ராமாத்தாளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“அய்யய்யோ வேலாயி! ஒத்தையில இருந்துக்கிட்டு எங்கிட்டகூடச் சொல்லாம மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டியேடி!”

வேலாயி வாயைத் திறப்பதற்குள் அவளைக் கட்டிக்கொண்டு மாரில் அடித்து அழத் தொடங்கிவிட்டாள். சத்தம் கேட்டு மற்றப் பெண்களும் வந்தார்கள். காளிமுத்து தோட்டத்தில் சாமான் ஏற்றுகிற ஆளாக இருந்தபோது யாருக்கும் அவன் மேல் பெரிய மதிப்புக் கிடையாது. செத்தபிறகு தங்கமானவன் ஆகிவிட்டான். பீகார் எங்கே, காளிமுத்து பிறந்த நாமக்கல் பக்கம் எங்கே என்று அங்கே கேட்க யாருமில்லை. எல்லாருக்கும் ஊர் என்பது நாகப்பட்டினத்தில் இறங்கிப் போகிற ஓர் இடம். அங்கே பூமி ஆடினால் எல்லாருக்கும்தான் ஆடும். நம் ஆட்களில் ஒருவனாவது போயிருக்கவேண்டும் என்று முந்தின நாளிலிருந்தே அவர்களுக்குப் பயம் இருந்தது. அந்த ஒருவன் யார் என்று தெரிந்ததும் அழுகை தானாக வந்தது.

கங்காணி அங்கமுத்து வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். காளிமுத்துவுக்கு அவர் ஒருவகையில் பெரியப்பன் முறை.

“யார் சொன்னது உனக்கு?”

“வந்து... கேள்விப்பட்டேன் மாமா.”

“சரி, அழுவாத. உடம்பு இல்லாட்டி என்ன, செய்யவேண்டியதச் செஞ்சுருவோம். ஞாயித்துக்கெழம ஆத்தோரத்துல கருமாதி. நான் தொரைகிட்டச் சொல்லிக்கிறேன்.”

“எதுக்கு மாமா அதெல்லாம்...”

“எதுக்கா? அவன் அலைஞ்சுக்கிட்டுக் கெடக்கவா? தாலிய எறக்கணும், புள்ளைக்கு மொட்ட போடணும். மொறையின்னு ஒண்ணு இருக்குல்ல?”

மனிதர் கல்யாணத்தைவிடச் சாவை நன்றாக நடத்துவார். வேலாயி தலையைக் குனிந்துகொண்டாள். தாலிதானே, போனால் போகட்டும் என்றிருந்தது. மூன்று வருஷமாக அது சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது. மணியத்தை நினைத்தபோதுதான் பயம் வந்தது. உயிரோடு இருக்கிறவனுக்குப் பிண்டம் வைத்தால் வைத்த கை விளங்காது என்று அங்கே எல்லாரும் நம்பினார்கள். வேலாயியும் நம்பினாள். மொட்டை போட்டால் முடி வளர்ந்துவிடும், கைக்கு ஒன்று ஆனால் என்ன செய்வது?

“மாமா, அவன் சின்னப் பையன். மொட்ட மட்டும் போட்டுட்டு, மத்தத நீங்களே செஞ்சுருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

“அதப் பாத்துக்கலாம், போ” என்றார் அங்கமுத்து. அவள் அதைச் சரி என்பதாக எடுத்துக்கொண்டாள்.

*

வாத்தியார் தனபாலன் மத்தியானம் வந்தார். கக்கத்தில் ஒரு தேசப்படம் சுருட்டி வைத்திருந்தார். வெயிலில் வேகமாக நடந்து வந்ததில் சட்டை நனைந்திருந்தது. முகம் மட்டும் பிரகாசமாக இருந்தது.

“ஏம்மா, அழாதீங்க. நல்ல சேதி கொண்டாந்திருக்கேன்.”

வேலாயி பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. படத்தை வாசலில் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தார்.

“பூமி ஆடுனது இங்க, மேல. உங்க வீட்டுக்காரர் ஊரு இங்க, கீழ. எவ்வளவு தூரம் பாருங்க! அங்க ஒரு ஓடுகூட நகந்திருக்காது. யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க. அவரு நல்லா இருப்பாரும்மா.”

“இருக்கட்டும்” என்றாள் வேலாயி.

“என்னம்மா, நம்ப மாட்டேங்கிறீங்களே! நான் கங்காணிகிட்டயே போய்ப் படத்தக் காட்டுறேன். கருமாதிய நிறுத்திரலாம்.”

“வாத்தியாரே, படத்தச் சுருட்டுங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அவரு நல்லாத்தான் இருக்காரு. எனக்குத் தெரியும். தஞ்சோங் கிளிங்ல இருக்காரு. ஒருத்தி இருக்கா, புள்ள இருக்கு. போதுமா?”

தனபாலனுக்கு உட்காரவேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தார். “பிள்ளைங்ககிட்ட இப்படிப் பொய் சொல்லலாமாம்மா?” என்றார்.

“நீங்க நெசம்தான சொன்னீங்க? என்ன பண்ணுச்சுங்க? சிரிச்சுச்சுங்க. எம்மவன் வீட்டுக்கு வந்து கொட்ட உருண்டதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். அத்தன பேரு செத்தத வெளாட்டாக் காட்டிட்டு வந்து, எனக்கு நாயம் சொல்றீங்க.”

“நான் புரியட்டும்னுதான்...”

“நானும் புரியட்டும்னுதான் சொன்னேன். வரமாட்டாருன்னு புரியணும். எப்படிச் சொல்றது? உங்கப்பனுக்கு நீ வேணாமாம்டான்னா? அஞ்சு வயசுப் பையன்கிட்டயா? அதுக்கு ஒரு படம் இருந்தாக் கொண்டாந்து விரிங்க.”

வாத்தியார் மூலைக் கற்களை எடுத்தார். படத்தைச் சுருட்டினார். கோணலாகச் சுருண்டது. மறுபடி பிரித்துச் சுருட்டினார்.

“நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பூகம்பம் காட்டச் சொல்லிக் கேட்டபோது முதல்முறையாக அவர் அவர்களைப் பிரம்பால் அடித்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றோரத்தில் தோட்டத்து ஜனம் கூடியிருந்தது. மழை இல்லாததால் ஆறு கணுக்கால் அளவுக்குத்தான் ஓடியது. கரையில் மூன்று கல் வைத்துப் பச்சரிசி பொங்கினார்கள். பெண்கள் வேலாயியைக் குளிக்கவைத்து, பூவும் மஞ்சளும் கை நிறைய வளையலுமாக உட்காரவைத்திருந்தார்கள். எல்லாம் பிறகு எடுப்பதற்காக. கருப்பாயிக்கு அழுது அழுது குரல் கட்டிவிட்டது. வாத்தியார் தூரத்தில் ஒரு மரத்தடியில் நின்றார்.

நாவிதர் முனுசாமி மணியத்தின் தலையை நனைத்துச் சிரைக்க ஆரம்பித்தார். அவனுக்குக் கூச்சமாக இருந்தது, நெளிந்தான். பாதித் தலை ஆனதும் அங்கமுத்து, “சாதம் ஆறிடப்போவுது. மொதல்ல பிண்டத்த வச்சிரட்டும், மிச்சத்தப் பெறகு செர” என்றார்.

வேலாயிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “மாமா, நீங்க செய்யிறதாத்தான...”

“பெத்த புள்ள கல்லுக்குண்டாட்டம் நிக்கறப்ப நான் ஏன் செய்யணும்? நாலு பேரு என்னச் சிரிக்கவா? நீ சும்மா இரு.”

மணியத்தை ஈரத்துணியோடு இலைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். அங்கமுத்து சோற்றை உருட்டி அவன் கையில் கொடுத்தார்.

“இலையில வச்சுட்டு, நான் சொல்றதச் சொல்லு. ‘அப்பா, தின்னுட்டுப் போயிரு. திரும்பி வராத.’ சொல்லு.”

மணியம் உருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தான்.

“ஏன் வரக்கூடாது?”

“செத்தவங்க வரக்கூடாதுடா.”

“எங்கப்பா வரட்டும்.”

“அப்படிச் சொல்லாதடா, தப்பு. ‘திரும்பி வராத’ன்னு சொல்லு.”

“மாட்டேன். வந்தா வரட்டும், எனக்குப் பயமில்ல.”

பெண்கள் பக்கம் அழுகை பொங்கியது. அங்கமுத்து பையனின் மணிக்கட்டைப் பிடித்து இலைக்கு இறக்கினார். அவன் கையை இழுத்துக்கொண்டே, “அம்மா!” என்று கூப்பிட்டான்.

வேலாயி எழுந்தாள். யார் யாரோ பிடித்த கைகளை உதறிவிட்டு வந்து மகன் கையிலிருந்த சோற்றைத் தட்டிவிட்டாள். அது மணலில் உருண்டு போனது.

“என்ன காரியம் பண்ற நீ!” என்று அங்கமுத்து கத்தினார்.

“அவரு சாகல மாமா.”

“என்னது?”

“சாகல. பூமி ஆடுன எடத்துல அவரு இல்ல. ஊருக்கே போகல. தஞ்சோங் கிளிங்ல மீன்காரிகூட இருக்காரு. நான் கண்ணால பாத்தேன். புள்ளைங்ககிட்டப் பொய் சொன்னது நாந்தான்.”

முதலில் கருப்பாயிக்குத்தான் குரல் வந்தது.

“அடிப் பாவி! தொண்ட கிழிய அழுதேனேடி! ஒரு வார்த்த, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல!”

“எப்படிக்கா சொல்லுவேன்? என்ன வேணாம்னு போயிட்டான்னு எந்த வாயால சொல்லுவேன்?”

கருப்பாயி திட்டத் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். அங்கமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். “உசுரோட இருக்கறவனுக்கு என்னப் பிண்டம் உருட்ட வச்சுட்டியே. ஒரு வெவஸ்த வேணாம்?” என்று சொல்லிக்கொண்டே லயத்தை நோக்கி நடந்தார். அவர் பின்னால் ஆண்கள் போனார்கள். பெண்கள் நின்று, அவளைப் பார்த்து, தங்களுக்குள் பேசிக்கொண்டு போனார்கள். அவள் பயந்த பேச்சு அதுதான். வந்தே விட்டது. வாத்தியார் மரத்தடியிலிருந்து இரண்டடி முன்னால் வந்தார், பிறகு அவரும் திரும்பிப் போய்விட்டார்.

முனுசாமி மட்டும் கத்தியோடு உட்கார்ந்திருந்தார். “ஏம்மா, பாதித் தலையோடவா பையன விடறது? உக்காரச் சொல்லு, முடிச்சு விட்டுர்றேன்.”

மணியம் உட்கார்ந்தான். வேலாயி அவன் முன்னால் குந்தி அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா சாகலியாம்மா?”

“சாகலடா.”

“மீன் கடையில இருக்காரா?”

“ஆமா. ஆனா இங்க வரமாட்டாரு. அவருக்கு அங்க வேற வீடு இருக்கு. வேற புள்ள இருக்கு. நம்மகிட்ட வரமாட்டாரு. வெளங்குதா?”

“அப்ப மாடு?”

“மாடு கெடையாதுடா. எப்பவுமே கெடையாது.”

மாட்டுக்காக அவன் முகம் ஒரு கணம் வாடியது. அதற்குமேல் அவனுக்கு ஏறவில்லை. அப்பா சாகவில்லை என்பது மட்டும் ஏறியது. முனுசாமி சிரைத்து முடித்ததும் எழுந்து, பளபளக்கிற மொட்டைத் தலையோடு லயத்துக்கு ஓடினான். “எங்கப்பா சாகல! எங்கப்பா சாகல!” என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று கத்தினான்.

வேலாயி வளையல்களைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு பின்னால் நடந்தாள். ராமாத்தாள் சருகைக் காலால் தள்ளிக்கொண்டு கூடவே வந்தாள்.

“அம்மா, பூமி ஆடுனது நெசமா?”

“நெசம்தான்.”

“அந்த ஊருப் புள்ளைங்களுக்கும் அவங்க அம்மா சொல்லியிருப்பாங்கல்ல, அப்பா போயிட்டாருன்னு?”

“சொல்லியிருப்பாங்க. அங்க நெசமாவே போனவங்கடி.”

“அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க அம்மா சொல்லித்தான தெரியும்?”

வேலாயி நின்றுவிட்டாள். மகளின் தோளைத் தொட்டுத் திருப்பினாள். அந்தக் கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்று நினைத்தாள்.

“தஞ்சோங் கிளிங்னு சொன்னது பொய்யில்ல புள்ள. சத்தியமா. அடுத்த ஞாயித்துக்கெழம பஸ்ல கூட்டிட்டுப் போறேன். தூரத்துல நின்னு காட்டுறேன். நீயே உங்கண்ணால பாத்துக்க.”

ராமாத்தாள் யோசித்தாள். லயத்துப் பக்கமிருந்து தம்பியின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

“வேணாம்மா” என்றாள். “பாத்துட்டா, செத்துட்டாருன்னு நெனச்சுக்க முடியாதுல்ல.”